தேவாலய வாசலில் நான் தகட்டைத் தூக்கியது ஏன்?

அகவை எண்பதைத் தாண்டியும் அரை நிமிடம் கூட யாருக்கும் அதிகம் கொடுக்காத, நீதி தவறாத அவைத் தலைவி பெர்னிஸ் கோல்பர்ன் அம்மையார் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும், வீற்றிருந்து வீற்றிருந்து முதுகு வலிக்கிற ஊர் மன்ற உறுப்பினர்களே! இருபத்திரண்டு ஆண்டுகளாக என்னைச் சாலைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, இந்த ஆண்டு மட்டும் சற்று யோசித்துக்கொண்டிருக்கும் கிழக்கு ஹார்லோவின் பெரியோர்களே! விடிவதற்குள் எழுந்து பீன்ஸ் சட்டியை அடுப்பில் ஏற்றி, மேப்பிள் பாகு ஊற்றி, இந்த மன்றத்தின் மதிய உணவுக்கு மணம் சேர்த்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் காலுறை பின்னியபடி எனக்கென்று ஒற்றைக் காதை ஒதுக்கியிருக்கும் சகோதரிகளே! சுவரோரம் சாய்ந்து நின்று, சீக்கிரம் முடி என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் தோழர்களே! என்னை எதிர்த்து நிற்கும் என் ஆருயிர் நண்பர், தேவாலயக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன்களில் மூத்தவர், ஹாலிஸ் கிரேன் அவர்களே! மூன்றாம் வரிசையில் அமர்ந்து, என் முகத்தைத் தவிர இந்த மண்டபத்தின் மற்ற அனைத்தையும் ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் என் அன்பு மனைவி வெர்னா அவர்களே!

அனைவருக்கும் ஆரின் டட்டனின் வணக்கம்.

நிகழ்ச்சி நிரலின் ஏழாம் பொருள், சாலைப் பொறுப்பாளர் தேர்தல். ஆறாம் பொருளான நாய் உரிமத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டீர்கள். எனக்குப் பதினைந்து நிமிடம் என்று அம்மையார் ஆணையிட்டிருக்கிறார். நாய்களை விட எனக்கு நண்பர்கள் குறைவு என்பதை நான் அறிவேன், ஏற்கிறேன், மேலே செல்கிறேன்.

என் மீதுள்ள குற்றச்சாட்டு என்ன? நான் சாலையை மூடினேனா? இல்லை. சரளைக் கல்லைத் திருடினேனா? இல்லை. பாலத்தில் மோதினேனா? மோதினேன், ஆனால் அது பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு, நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். பிறகு என்ன குற்றம்? இந்த ஊரின் வெள்ளைத் தேவாலயம், என் தாய் தந்தை மணமுடித்த தேவாலயம், என் மனைவி ஆர்கன் வாசிக்கும் தேவாலயம், நானே டீக்கனாக இருக்கும் தேவாலயம், அதன் முற்றத்துப் பனியை ஊர் லாரியால் தள்ள மாட்டேன் என்று கடந்த சனவரியில் லாரியின் பனி தள்ளும் தகட்டைத் தூக்கிவிட்டேன். இதுதான் குற்றம். ஒப்புக்கொள்கிறேன்.

யாரது, 'வெட்கமா இல்ல?' என்று கேட்டது? கேளுங்கள் ஐயா, உரக்கக் கேளுங்கள். இருந்தது. அந்த வெட்கத்தின் வரலாற்றைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

பனி என்பது யாது? பள்ளத்தில் விழும், மேட்டில் விழும். பாவி வீட்டிலும் விழும், பக்தன் வீட்டிலும் விழும். பாரபட்சம் பார்க்காத பொருள் நம் வெர்மான்ட் மாநிலத்தில் பனி ஒன்றுதான். 'பனி எந்த மதம்பா? அது பனி!' என்று அஞ்சலகத்தில் ஹாலிஸ் கேட்டார். அருமையான கேள்வி. அதற்குப் பதில் தெரிய எனக்கே இருபத்தோரு குளிர்காலம் ஆயிற்று. பனிக்கு மதம் கிடையாது. ஆனால் லாரியின் முன்தகட்டுக்கு ஒரு பக்கம் உண்டு. அது நேராக இருக்காது. வலப்புறமாகச் சாய்ந்திருக்கும். தள்ளினால் ஒரு பக்கம் சுத்தமாகும், மறுபக்கம் மலையாகும். தள்ளிய பனி மறைந்து போவதில்லை அன்பர்களே, எங்கேயோ போய் நிற்கிறது.

தேவாலய முற்றத்துப் பனி எங்கே போய் நின்றது? ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு முற்றத்துக்குள் நுழைவேன். ஒரே தள்ளு. சாலையைக் குறுக்கே கடந்து, எதிரே இருக்கும் பழைய மாட்டுத் தீவனக் கடையின் வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். எனக்கு முன்பிருந்த பொறுப்பாளரும் அப்படித்தான் செய்தார். அவருக்கு முன்பிருந்தவர் குதிரை வைத்துச் செய்தார். கடை மூடிக் கிடந்தது. பனி கேள்வி கேட்கவில்லை, கடையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூவரும் ஒற்றுமையாக இருந்தோம்.

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்தில், போருக்குத் தப்பி வந்து கருங்கல் பட்டறையில் வேலை பார்க்கும் பொஸ்னிய முஸ்லிம் குடும்பங்கள் ஏழு அந்தக் கடையை வாடகைக்கு எடுத்தன. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு. கதவின் மீது கையால் எழுதிய சிறு பலகை ஒன்று மாட்டினார்கள். நான் பலகையைப் பார்க்கவில்லை. நான் தகட்டைப் பார்த்து ஓட்டுகிறவன். ஞாயிறுதோறும் தள்ளினேன். தள்ளியபோது பஞ்சாக இருந்த பனி திங்களில் இறுகி, புதனில் கெட்டியாகி, வெள்ளியில் பாறையானது. வாரம் முழுக்கக் கருங்கல் அறுத்த கைகள், வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் பனிக்கல் உடைத்தன. உடைத்து வழி செய்வதற்குள் பட்டறைச் சங்கு ஊதிவிடும். சில வெள்ளிகளில் குவியலுக்கு இந்தப் பக்கமே, சாலையோரத்தில், கையில் கிடைத்த அட்டையை விரித்துத் தொழுதுவிட்டுத் திரும்பினார்கள்.

நான் அந்த வழியாகப் பலமுறை லாரியில் போனேன். கையை அசைத்தேன். அவர்களும் கையை அசைத்தார்கள். நல்ல உறவு வளர்கிறது என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

சிரிக்காதீர்கள். சிரிக்கலாம், அம்மையார் அனுமதிக்கிறார். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் ஒரு முறை கூட முறையிடவில்லை. ஏன்? அச்சமா? அடக்கமா? அதுதான் எனக்கும் புரியவில்லை. கடைசியில் போன மார்ச்சில், ஊர்க்கூட்டம் முடிந்த மறுவாரம், அவர்களில் ஒருவர் ஊர் அலுவலகத்துக்கு வந்தார். செனாத் பேகிச். பட்டறையில் மெருகு போடுகிறவர். தலை வாரி, கழுத்துப்பட்டை கட்டி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசை முன் நின்றார்.

"சார், ஒரு விண்ணப்பம் குடுக்கணும். ஃபாரம் எங்க கிடைக்கும்?"

"எதுக்கு?"

"பனிய கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லி."

"எந்தப் பனிய?"

"எங்க வாசல்ல கவர்ன்மென்ட் போடுற பனிய."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். நான் கேட்டேன். கேட்கக் கேட்க என் காது சூடேறிற்று. அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னை அசைத்தது. வரி கட்டத் தவறியவன் வரி அலுவலகத்தில் நிற்பதுபோல் நின்றார்.

"நாங்க என்ன தப்பு பண்ணோம்னு தெரிஞ்சா, அத சரி பண்ணிடுவோம் சார்."

"நீங்க ஒரு தப்பும் பண்ணலப்பா."

"அப்ப எதுக்கு போட்டீங்க?"

எதற்குப் போட்டேன்? அன்பர்களே, அரசாங்கம் ஒன்றைச் செய்தால் அதற்கு ஒரு நோக்கம் இருக்கும் என்று நம்பி வளர்ந்த மனிதர் அவர். அவருடைய ஊரில் அரசாங்கம் நோக்கத்தோடுதான் எல்லாம் செய்தது. நானோ நோக்கமே இல்லாமல் இருபத்தோரு ஆண்டு அரசாங்கமாக இருந்தவன். "சும்மாதான்" என்றேன். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அன்று மாலை லாரிக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்தேன். அங்கே சுவரில் எண்ணெய்க் கம்பெனி நாட்காட்டிக்குப் பக்கத்தில், முன்னவர் ஆணியடித்து மாட்டிய அமெரிக்க அரசமைப்பின் முதல் பத்துத் திருத்தங்களும் கிடக்கின்றன. கீழ் மூலையில் கிரீஸ் பட்ட பெருவிரல் ரேகை இருக்கிறது. அதன் கீழேதான் இத்தனை ஆண்டும் சாப்பிட்டேன், படித்ததில்லை. அன்று படித்தேன். முதல் திருத்தம், முதல் வரி. சமயத்தை நிறுவும் சட்டம் செய்யக்கூடாது, சமயத்தைப் பின்பற்றுவதைத் தடுக்கவும் கூடாது.

நிறுவக்கூடாது! தடுக்கக்கூடாது! எண்ணிப் பாருங்கள். ஒரு நாட்டில் நிறுவுகிற அரசு இருக்கலாம், தடுக்கிற அரசு இருக்கலாம். இரண்டையும் செய்ய மன்றங்கள் வேண்டும், படைகள் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். இந்த ஆரின் டட்டன் என்ன செய்தான்? சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சமயத்தை நிறுவினான். இந்தப் பக்கம் ஒரு சமயத்தைத் தடுத்தான். ஒரே தள்ளில்! இரண்டாம் கியரில்! உலகத்தில் வேறு எந்த அரசாங்கமும் இவ்வளவு குறைந்த டீசலில் இதைச் சாதித்ததில்லை.

'வேணும்னே செய்யலையே!' என்கிறார் சுவரோரம் நிற்கும் நண்பர். உண்மை. யார் மீதும் வெறுப்பில்லை எனக்கு. என் தேவாலயத்தின் மீது அன்பு இருந்தது, அவ்வளவுதான். அந்த அன்பை என் சொந்த முதுகில் சுமந்திருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஊர் லாரியில் ஏற்றினேன். அது எதிர்வீட்டு வாசலில் போய் விழுந்தது.

சரி, குற்றம் தெரிந்தது. திருந்த வேண்டாமா? திருந்தினேன். அவசரப்பட்டுத் திருந்தினேன். அதுதான் இரண்டாவது குற்றம்.

கடந்த டிசம்பரில் முதல் பனி விழுந்ததும் நான் என்ன முடிவு செய்தேன் தெரியுமா? ஒரு வாசலைத் தள்ளுவது அநீதி என்றால் எல்லா வாசலையும் தள்ளுவது நீதி! தேவாலயத்தையும் தள்ளுவேன், தொழுகைக் கூடத்தையும் தள்ளுவேன், கடவுள் எங்கெல்லாம் இருக்கிறாரோ அங்கெல்லாம் தள்ளுவேன்! ஊர் மன்றம் கைதட்டியது. உள்ளூர்ச் செய்தித்தாளில் என் படம் வந்தது, கண் மூடியிருந்தது.

கடவுள் எங்கெல்லாம் இருக்கிறார் என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

முதலில் குவேக்கர்கள் எனப்படும் நண்பர்கள் சபையார் மூவர் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மௌனமாக வழிபடுகிறவர்கள். நாற்காலியில் அமர்ந்தார்கள். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு எழுந்து அன்போடு கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். கோரிக்கை என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்து மேட்டு வீட்டு எஸ்ரா வந்தார். இங்கேதான் இருக்கிறார், கையைத் தூக்குங்கள் எஸ்ரா. நன்றி. அவர் வீட்டுப் பாதை அரை மைல் நீளம், செங்குத்து. அதைத் தள்ளச் சொல்லி இருபது ஆண்டாகக் கேட்கிறார், தனியார் பாதை என்று இருபது ஆண்டாக மறுக்கிறேன். அன்று புதுக் கோரிக்கையோடு வந்தார்.

"என் வழிபாட்டு இடத்துக்கும் வழி வேணும் ஆரின்."

"எது உன் வழிபாட்டு இடம்?"

"பாதை முடியிற எடத்துல இருக்கற பெரிய மேப்பிள் மரம்."

"அங்க எத்தன பேர் வருவாங்க?"

"நான் ஒருத்தன். சில நாள் ஆடும் வரும்."

"பாட்டு உண்டா?"

"காத்து அடிச்சா உண்டு."

அன்பர்களே, ஆன்றோர்களே! பனி லாரியின் இருக்கையில், பாதி கடித்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மேப்பிள் மரம் கோயிலா இல்லையா என்று தீர்ப்பு எழுத வேண்டிய நிலைக்கு நான் வந்துவிட்டேன். பேராயர்கள் பலநூறு ஆண்டு பேசி முடிக்காத விவகாரம். நானோ கனரக வாகன உரிமம் மட்டும் வைத்திருப்பவன். மறுத்தால் ஒரு மனிதனின் வழிபாட்டைத் தடுத்தவனாவேன். ஒப்புக்கொண்டால் எஸ்ராவின் காரும் சுலபமாக வெளியே வரும். அவர் கண்ணில் பக்தி இருந்ததா, பிக்கப் வண்டி இருந்ததா? என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல எனக்கு என்ன அருகதை? அதைக் கேட்கும் இடத்தில் அரசாங்கம் நிற்கவே கூடாது என்பதைத்தான் அந்த முதல் வரி சொல்கிறது என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மரம் வரைக்கும் தள்ளினேன்.

'ஆடு நன்றி சொல்லிச்சா?' என்கிறார் ஒருவர். பதிவு செய்துகொள்ளுங்கள் அம்மையார்.

இப்படி எல்லாருக்கும் தள்ளுவதென்றால் ஒழுங்கு வேண்டும் அல்லவா? யார் எந்த நாளில் கூடுகிறார்கள், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எந்த வாசல், தலைவர் யார்? ஞாபகம் போதவில்லை. ஒரு தாளில் எழுதினேன். நல்ல கையெழுத்தில், கோடு போட்டு எழுதினேன். லாரியின் வெயில் மறைப்பில் செருகி வைத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த மிக நேர்த்தியான அலுவலக வேலை அது.

சனவரி முதல் வாரம். ஒரு வெள்ளிக்கிழமை தீவனக் கடை முற்றத்தைத் தள்ளி முடித்து நிற்கிறேன். செனாத் வெளியே வந்தார். கையில் ஒரு தட்டு. அவர் வீட்டில் செய்த இறைச்சி அடை, சுடச்சுட, துணி போட்டு மூடி. முகமெல்லாம் சிரிப்பு. படியில் ஏறி என் சன்னலுக்கு நேராகத் தட்டை நீட்டினார்.

"மெதுவா சாப்பிடுங்க சார், நாக்கு சுட்டுடும்."

"இதெல்லாம் எதுக்குப்பா?"

"வாசல் திறந்திருக்கே, அதுக்கு."

நான் தட்டை வாங்கினேன். அவர் கண் என் தலைக்கு மேலே போனது. வெயில் மறைப்பில் இருந்த தாளில் நின்றது. அவர் பெயர் அதில் இருந்தது. பேகிச், செனாத். வீட்டில் நால்வர். வெள்ளி. அதற்குக் கீழே மற்ற ஆறு குடும்பங்கள்.

சிரிப்பு போய்விட்டது. அவர் கத்தவில்லை. குரல் மட்டும் இறங்கிவிட்டது.

"லிஸ்ட் போட்டிருக்கீங்களா சார்?"

"ஆமா, வேலை சுலபமா இருக்கட்டுமேன்னு."

"எங்க ஊர்லயும் மொதல்ல லிஸ்ட்தான் வந்துச்சு. போட்டவரு நல்ல மனுஷன். பக்கத்து வீடு. அவரும் வேலை சுலபமா இருக்கட்டும்னுதான் சொன்னாரு."

நான் தட்டைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன்.

"பனி அப்படியே கெடக்கட்டும் சார். நாங்க ஒடச்சுக்குவோம். அந்தப் பேப்பர் மட்டும் வேணாம்."

இந்த இடத்தில் நான் நகைச்சுவை சொல்லப் போவதில்லை. அந்தத் தாளை அவர் கண் முன்னே எடுத்தேன். கொட்டகைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். விறகு அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே போட்டேன். முழுவதும் எரியும் வரை அவர் நின்று பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தேன் என்று சொன்னேனே, அதை நினைக்க எனக்கு உடம்பு கூசியது. நான் கெட்டவன் அல்ல. ஆனால் அந்தத் தாள் என் காலத்துக்குப் பிறகும் அந்த லாரியில் இருந்திருக்கும். என் இடத்துக்கு யார் வருவார், எப்படிப்பட்டவர் வருவார், எந்தக் காலத்தில் வருவார்? யாருக்குத் தெரியும்?

ஹாலிஸ், உங்களைச் சொல்லவில்லை. உங்கள் கையெழுத்தையே யாராலும் படிக்க முடியாது.

அன்றுதான் தகட்டைத் தூக்கினேன். தேவாலய வாசலில் தூக்கினேன். தொழுகைக் கூடத்து வாசலில் தூக்கினேன். எஸ்ராவின் மேப்பிள் மரத்துக்கும் தூக்கினேன். ஊர்ச்சாலையை ஓரம் முதல் ஓரம் வரை தள்ளுவேன். சாலையில் பாதிரியாரும் போகலாம், பாங்கு சொல்பவரும் போகலாம், ஒன்றையும் நம்பாத பல் மருத்துவரும் போகலாம். யாருடைய வாசலுக்குள்ளும் அரசாங்கத் தகடு நுழையாது. யாருடைய வாசலிலும் அரசாங்கப் பனி விழாது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

பெருமைப்படுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். டீக்கன்கள் கூட்டம் போட்டார்கள்.

"நீ டீக்கனா, கவர்ன்மென்டா? மொதல்ல அதச் சொல்லு," என்றார் ஹாலிஸ்.

"காலைல அஞ்சு மணிக்கு கவர்ன்மென்ட். பத்து மணிக்கு டீக்கன்."

"அப்ப அஞ்சு மணிக்காரன்கிட்ட சொல்லு, பத்து மணிக்காரன் சர்ச்சுக்குள்ள வர முடியாம நிக்கிறான்னு."

நல்ல பதில். எனக்குப் பிடித்திருந்தது. பிடித்தது என்று சொல்லக்கூடிய சூழ்நிலையாக அது இல்லை. வெளியே வந்தால் வெர்னா காரில் காத்திருந்தாள். அவள் இந்த ஊரில் ஆர்கன் வாசிக்கத் தொடங்கி முப்பத்தோரு ஆண்டு. ஒரு ஞாயிறு தவறியதில்லை. காய்ச்சலோடு வாசித்திருக்கிறாள், கட்டுப்போட்ட விரலோடு வாசித்திருக்கிறாள். அதற்கு முந்தைய ஞாயிறு முற்றத்துப் பனியில் கால் புதைய நடந்து, நனைந்த காலுறையோடு வாசித்தாள்.

"முப்பத்தோரு வருஷமா அந்த வாசல்ல நான் வழுக்கி விழுந்ததில்ல ஆரின். இனிமே விழுந்தா உன் கான்ஸ்டிடியூஷன் வந்து என்னைத் தூக்குமா?"

அதுதான் கடைசி. அதன்பின் பத்தொன்பது நாள் அவள் என்னிடம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் நாயிடம் சொல்லுவாள். நாய் என்னைப் பார்க்கும். நான் எடுத்துக் கொடுப்பேன். அந்த நாய்க்கு உரிமம் இருக்கிறது, ஆறாம் பொருளில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தப் பத்தொன்பது நாளும் எனக்கு வலித்தது. நான் சொன்னது சரி என்று தெரியும். சரியாக இருந்துகொண்டு தனியாகச் சாப்பிடுவது எவ்வளவு கடினம் என்றும் தெரியும். இரண்டு முறை தேவாலய வாசலில் லாரியை நிறுத்தினேன். கை நெம்புகோல் மீது இருந்தது. இறக்கியிருந்தால் ஒரே நிமிட வேலை. வீட்டில் சூடான சூப் கிடைத்திருக்கும். இறக்கவில்லை. எப்படி இறக்காமல் இருந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் ஞாயிறு. முழங்காலுக்கு மேல் பனி. ஊர்ச்சாலைகளைத் தள்ளி முடித்தேன். லாரியைக் கொட்டகையில் விட்டேன். ஊர் முத்திரை போட்ட ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். என் வீட்டில் பனி அள்ளும் ஷவலை, என் சொந்த ஷவலை, தோளில் வைத்துக்கொண்டு தேவாலயத்துக்கு நடந்தேன். பத்து மணிக்காரனாக நடந்தேன். அங்கே வெர்னா எனக்கு முன்னால் வந்து அள்ளிக்கொண்டிருந்தாள்.

அவள் படியிலிருந்து அள்ளினாள், நான் கதவிலிருந்து அள்ளினேன். பனி எவ்வளவு கனம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. லாரியில் இருந்தவனுக்கு அது தெரியாது. லாரியில் வெப்பக் காற்று வரும், வானொலி பாடும். அரை மணி நேரம் கழித்துக் கழுத்துப்பட்டையோடு ஹாலிஸ் வந்தார், கையில் ஷவலோடு. "இது ஒனக்கு ஓட்டுன்னு நெனச்சுக்காத," என்று சொல்லிவிட்டு அள்ளத் தொடங்கினார். நினைக்கவில்லை ஹாலிஸ். உங்கள் கையால், உங்கள் முதுகால், உங்கள் சபைக்காக அள்ளினீர்கள். அந்த உரிமையில் எந்த அரசும் குறுக்கே வரக்கூடாது, வந்தால் முதல் ஆளாக நானே எதிர்ப்பேன்.

மூவரும் அள்ளிக்கொண்டு சாலையோரம் வந்தோம். வெர்னாதான் முன்னால். ஷவல் நிறையப் பனி. சாலையைக் கடந்து எறிய ஓங்கினாள். எத்தனையோ ஆண்டாக அந்த முற்றத்துப் பனி போன திசை அது. ஓங்கிய கை நின்றது.

எதிரே தீவனக் கடை. கதவு. கையால் எழுதிய சிறு பலகை. கதவு வரைக்கும் யாரோ குறுகலாக ஒரு பாதை வெட்டியிருந்தார்கள், ஒரு மனிதன் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு. அவள் அந்தப் பாதையைப் பார்த்தாள். கையில் இருந்த பனியைப் பார்த்தாள். கை கனத்தது, ஆனாலும் கொட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆரின், இத எங்க போட?"

பத்தொன்பது நாளில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

தாய்மார்களே! பெரியோர்களே! இருபத்தோரு குளிர்காலம் அரசாங்கமாக இருந்த நான் ஒரு முறை கேட்டேனா இந்தக் கேள்வியை? எனக்கு முன்னால் இருந்தவர் கேட்டாரா? குதிரை வைத்திருந்தவர் கேட்டாரா? லாரிக்குள் இருக்கிறவனுக்கு அந்தக் கேள்வி வராது. ஏனென்றால் லாரி வலியது, தள்ளினால் போய்விடும். கையில் சுமக்கிறவளுக்கு வரும். தன் கடவுளுக்காகத் தானே சுமக்கிறவளுக்கு, அடுத்தவன் வாசல் கண்ணில் படும். அந்த முதல் திருத்தத்தைப் பற்றி எத்தனையோ வழக்கறிஞர்கள் எத்தனையோ நூல்கள் எழுதியிருப்பார்கள். என் மனைவி நான்கு சொல்லில், அதுவும் மூச்சிரைத்தபடி சொல்லி முடித்துவிட்டாள்.

எங்கே போட்டோம் என்றா கேட்கிறீர்கள்? அப்போது எனக்கும் தெரியவில்லை. மூவரும் நின்று யோசித்தோம். பிறகு தேவாலயத்தின் பின்னால், கல்லறைச் சுவரோரம், ஒவ்வொரு ஷவலாகச் சுமந்துகொண்டு போய்க் கொட்டினோம். எங்கள் இடத்துப் பனி, எங்கள் இடத்திலேயே. வழிபாடு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. வெர்னாவின் விரல் மரத்துப்போய்ச் சுரம் ஏழெட்டு இடத்தில் தவறியது. எனக்கு அதைவிட நல்ல இசையை இந்த வயதில் கேட்ட நினைவில்லை.

அம்மையார் சுத்தியைக் கையில் எடுத்துவிட்டார். முடிக்கிறேன்.

இதோ, ஊர் லாரியின் சாவி. மேசை மீது வைக்கிறேன். இரண்டாம் கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும், அதட்டிப் போட வேண்டும். ஹாலிஸ் நல்ல மனிதர். அவரைத் தேர்ந்தெடுத்தால் வருகிற ஞாயிறே தேவாலய முற்றம் பளிச்சென்று இருக்கும். அதை ஒளிக்காமல் உங்களிடம் சொல்கிறேன். என்னைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கால் நனையும், உங்கள் முதுகு வலிக்கும், ஆனால் உங்கள் கடவுளுக்கும் உங்களுக்கும் நடுவே கனரக வாகனம் எதுவும் நிற்காது.

கடைசி வரிசையில் செனாத் பேகிச் அமர்ந்திருக்கிறார். போன அக்டோபரில் குடியுரிமை பெற்றார். இந்த மன்றத்தில் இன்று முதல் ஓட்டு. அவர் யாருக்குப் போடுவார்? எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். எழுதி வைக்கவும் மாட்டேன். என் மனைவி யாருக்குப் போடுவாள் என்பதும் எனக்குத் தெரியாது. அதை நாயிடம் கூட அவள் சொல்லவில்லை.

ஹாலிஸ் அவர்களே, சாவி உங்கள் கைக்கு வந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். முதல் தள்ளு தள்ளிச் சாலையோரம் வந்ததும் லாரியை நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்குங்கள். எதிரே பாருங்கள். இதை எங்கே போட என்று ஒருமுறை வாய்விட்டுக் கேளுங்கள். கேட்ட பிறகும் தகட்டை இறக்க உங்களுக்கு மனம் வந்தால் இறக்குங்கள்.

மாலைக்குள் எட்டு அங்குலம் பனி என்று வானொலி சொல்கிறது. வெளியே நிறுத்தியிருக்கும் கார்களைச் சாலையிலிருந்து எடுத்துவிடுங்கள். தள்ளப் போவது யார் என்பது இன்னும் சற்று நேரத்தில் உங்கள் ஓட்டுச் சீட்டில் தெரிந்துவிடும். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தள்ளுகிறவர் எவரோ, அவருக்கே என் ஓட்டு, அது நானாக இல்லாவிட்டாலும்.

பதினைந்து நிமிடத்தைப் பதினெட்டாக நீட்டப் பொறுத்த அவைத் தலைவிக்கும், பின்னலை நிறுத்தாமல் கேட்ட சகோதரிகளுக்கும், பீன்ஸ் ஆறுவதையும் பொருட்படுத்தாத தாய்மார்களுக்கும், சன்னலை விட்டுவிட்டு இப்போது என் முகத்தைப் பார்க்கும் மூன்றாம் வரிசைக்கும் என் நன்றி. கிழக்கு ஹார்லோவின் ஒவ்வொரு வாசலுக்கும் என் வணக்கம்.